துறவும் பறிப்பும் ஒன்றல்ல!

திருவண்ணாமலை, உடைமைகளைத் துறப்பாரின் ஊர் என்று பெயர்பெற்றது. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் வேங்கடராமன் என்னும் பதினாறு அகவை இளைஞர் இவ்வூரில் வந்திறங்கினார். வரும் வழியில், திருக்கோவலூரை அடுத்த கீழூரில், தம் காதுக் கடுக்கன்களை நான்கு உருபாவுக்கு அடகு வைத்திருந்தார். மீட்கும் எண்ணம் இல்லாமையால் அடகுச் சீட்டை உடனே கிழித்தெறிந்தார். ஊருக்குள் வந்ததும் தலையை மழித்துக்கொண்டார், எஞ்சிய காசையும் கையிலிருந்த தின்பண்டப் பொட்டலத்தையும் ஐயன்குளத்தில் வீசினார், பூணூலையும் களைந்தார். பின்னர் உலகம் அவரை இரமணர் என்று அறிந்தது. இச்செய்தியை இவ்வூரில் அறியாதார் இல்லை. மலைவலம் வருவோர்க்கு இதை எடுத்துச் சொல்லி, 'பொருட்பற்றை விடுக' என்று அறிவுரை கூறுவாரும் பலர்.

அதே மலையின் மாவட்டத்தில்தான் 1983-க்குப் பின் அலையலையாய் வந்த ஈழத்தமிழரின் குடியிருப்புகளும் உள்ளன. அவர்களும் நகையை அடகு வைத்தவர்களே. படகுக் கூலிக்குத் தாலிக்கொடியையே விற்றவர் பலர். அவர்களும் வழியெல்லாம் பொருளை விட்டுவிட்டு வந்தவர்களே. ஆயினும் ஒன்றை மட்டும் அவர்கள் கிழிக்கவில்லை. காணியின் உறுதியைத் துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு கடலைக் கடந்தனர். பூட்டிவிட்டு வந்த வீடு இடிந்து தரைமட்டமானது தெரிந்த பின்னரும் அதன் திறப்பை வைத்திருப்போர் உண்டு. இவர்களிடம் போய், 'பழையதை மறந்துவிடுங்கள், பற்றை அறுங்கள்' என்று சொல்வது எவ்வளவு பெரிய அறியாமை! துறந்தவன் தன் கையால் வீசினான். பறிகொடுத்தவனிடமிருந்து பிறர் பிடுங்கினர். துறந்தவனுக்குச் சீட்டு வேண்டியதில்லை. பறிகொடுத்தவனுக்கோ அச்சீட்டு ஒன்றே சான்று.

2009-ஆம் ஆண்டின் முதல் ஐந்து திங்களில் வன்னித் தமிழர் இழந்தவற்றை இந்தக் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். ஊர் ஊராய்ப் பெயர்ந்து, ஒவ்வொரு பெயர்விலும் சுமையைக் குறைத்துக்கொண்டே அவர்கள் கடற்கரை ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். முதலில் கட்டிலும் அலுமாரியும் போயின. பின்பு மிதிவண்டியும் தையற்பொறியும் போயின. மணலில் பதுங்குகுழி தோண்டியபோது மண்ணை அணைகட்டச் சாக்கு இல்லை; ஆகவே பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்துப் பைகளாய்த் தைத்து மணலை நிரப்பி அடுக்கினர். திருமணக் கூறைச் சேலைகூட அவ்வாறு மணற்பையாயிற்று. முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்த வண்ணவண்ணத் துணிப்பைகளின் ஒளிப்படங்களை உலகம் பார்த்தது. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் நல்ல நாளுக்குரிய உடை என்பதை எத்தனை பேர் உணர்ந்தனர்?

மே 18-இல் போர் முடிந்தது. அவ்விறுதித் திங்கள்களில் மட்டும் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் அறிவித்தது. உயிரோடு வெளிவந்தோர் ஓமந்தைச் சாவடியில் ஆராயப்பட்டனர். சற்றொப்ப 2,80,000 பேர் முள்வேலிகளுக்குள் அடைக்கப்பட்டனர்; அவருட் பெரும்பாலோர்க்கு வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மெனிக் பண்ணையே இடமாயிற்று. உள்ளிருந்தோர் 2009 திசம்பர் வரை விருப்பம்போல் வெளியே செல்ல முடியாது. வேலியைக் காத்து நின்றது படை. சிங்கள அரசு அதற்கு இட்ட பெயர் 'நலன்புரி நிலையம்'. அதன் பிரிவுகளுக்கு இட்ட பெயர்களோ இன்னும் வியப்பானவை: கதிர்காமர், ஆனந்த குமாரசாமி, இராமநாதன், அருணாசலம். நால்வரும் தமிழர்! தமிழர்க்குத் தமிழர் பெயராலேயே வேலி. கைவினைப் பொருளின் அழகை உலகுக்கு எடுத்துரைத்த ஆனந்த குமாரசாமியின் பெயர் தாங்கிய இடத்தில், குடிக்க ஒரு கலமும் இல்லாத மக்கள் வரிசையில் நின்றனர். திருவண்ணாமலைக்கு வடவர் இட்ட பெயரும் அருணாசலம்தான்; மெனிக் பண்ணையின் ஒரு பிரிவுக்கும் அதே பெயர். இவ்வூரார் ஒருமுறையேனும் அதை எண்ணிப் பார்த்ததுண்டா?

இட்லரின் கொலைக்கூடங்களும் மெனிக் பண்ணையும் ஒன்றே என்று சொல்வது பொய்யாகும். பொய்யின் துணை தமிழர்க்குத் தேவையில்லை. ஆனால் வேலிக்குள்ளிருந்து மீண்டவரின் கைப்பொருளை எவ்வாறு போற்றுவது என்பதை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம். போலந்து நாட்டு ஆசுவிட்சில் 1947-இல் அமைந்த நினைவகத்தில், கொல்லப்பட்டோரின் செருப்புகள் 1,10,000-க்குக் குறையாமல் உள்ளன. சமையற் கலங்கள் ஏறத்தாழ 12,000 உள்ளன. கைப்பெட்டிகள் 3,800 அளவில் உள்ளன. அவற்றுள் 2,100 பெட்டிகளில் உரியவரின் பெயர் எழுதப்பட்டுள்ளது. திரும்பி வருவோம், பெட்டியைக் கேட்டுப் பெறுவோம் என்று நம்பி வெள்ளைச் சாயத்தால் அவர்கள் எழுதிய பெயர்கள் அவை. 2005-இல் பாரிசு நகரத்துக் காட்சியொன்றில், அங்கிருந்து கடனாய்ப் பெற்று வைத்த பெட்டியின்மேல் தன் தந்தையின் பெயரையே ஒரு முதியவர் கண்டார். பெட்டியைத் திருப்பி அனுப்பலாகாது என்று வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டு கழித்து, பெட்டி நெடுங்காலக் கடனாகப் பாரிசிலேயே இருக்கும் என்னும் உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது. பெயர் எழுதியிராவிட்டால் அப்பெட்டி ஆயிரத்தில் ஒன்றாகவே கிடந்திருக்கும். மகனும் அதைக் கடந்து போயிருப்பான்.

செருமனியின் ஆரோல்சன் ஆவணக்காப்பகமோ வேறொரு பணியைச் செய்கிறது. நொயன்காமே முதலிய சிறைகளில் புகுந்தோரிடமிருந்து பறித்த கைக்கடிகாரம், கணையாழி, குடும்பப் படம், கடிதம் ஆகியவை பெயர் எழுதிய உறைகளில் இட்டு வைக்கப்பட்டிருந்தன. அவற்றை உரியவரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தேடிக் கண்டு ஒப்படைக்கும் முயற்சியை 2016 முதல் அக்காப்பகம் முனைந்து நடத்தி வருகிறது. பறித்தவன் வைத்த குறிப்பே பறிக்கப்பட்டவனின் வழிமுறைக்கு இன்று வழிகாட்டுகிறது!

தமிழர்க்கு அத்தகைய குறிப்பும் இல்லாமற் போன வரலாறு ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் 1942-43-இல் அமைத்த சயாம்–பர்மா தொடர்வண்டிப் பாட்டைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் வெள்ளையர் படைச் சிறையாளர்க்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர். அவர்தம் உணவுத் தட்டும் நாட்குறிப்பும் காட்சியகங்களில் உள்ளன. தமிழனின் தட்டு எங்கே? அவன் இடுப்பில் முடிந்து சென்ற திருநீற்றுப் பை எங்கே? எண்பது ஆண்டு கழித்து, 2023-இல்தான், தமிழர்க்கென ஒரு நடுகல் அங்கு எழுந்தது. அதில் பொறிக்கத் தனித்தனிப் பெயர்களைத் தேடினால் கிடைப்பவை சிலவே. மீண்டவர் வாழ்ந்த காலத்தில் எவரும் அவரிடம் சென்று கேட்டு எழுதவில்லை. அதன் விளைவு இது.

நடுகல் என்றதும் திருவண்ணாமலைச் சீமை தலைநிமிர வேண்டும். இந்த மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த அளவுக்குப் பழைய நடுகற்கள் வேறெங்கும் அரிது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. கல்லில் மறவன் வில்லும் வாளும் ஏந்தி நிற்பான். சில கற்களில் அவன் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும். வட்டெழுத்தில் அவன் பெயர், ஊர், எந்த ஆநிரையை மீட்டுப் பட்டான் என்னும் செய்தி. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவருமன் காலத்துக் கல்லில், தலைவன் பட்டபின் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு சிற்றூரில், எழுதத் தெரிந்தவர் மிகச் சிலரே இருந்த காலத்தில், ஒரு நாயின் பெயரையும் மறவனின் கெண்டியையும் மறவாமல் கல்லில் வைத்த மக்கள் இவர்கள்! அவர்களின் வழித்தோன்றல்கள், நேற்று நடந்த பேரழிவில் மீண்டவரின் பெயரையும் கலத்தையும் தாளில்கூட எழுதி வைக்கவில்லை என்றால் அதற்கு என்ன விடை?

'பொருளில் என்ன இருக்கிறது, மாந்தர் அல்லவா தேவை' என்று சிலர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 2025-இல் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும். சித்துப்பாத்தி இடுகாட்டை ஒட்டிய புதைகுழியிலிருந்து 200-க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. எலும்பு எவருடையது என்று எலும்பு சொல்லவில்லை. கூடவே கிடைத்த நீலநிறப் பள்ளிப்பை, பொம்மை, வளையல், செருப்பு முதலியவற்றை முறைமன்ற ஆணைப்படி ஆகத்து 5-ஆம் நாள் மக்கள் பார்வைக்கு வைத்தனர். காணாமற் போனோரின் தாய்மார் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று குனிந்து பார்த்தனர். அங்கே அந்தப் பையும் வளையலுமே சான்றாளர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி முதல் தெருவோரப் பந்தலில் அமர்ந்த தாய்மார் கையில் என்ன இருந்தது? ஒரு படம். பிள்ளையின் அடையாள அட்டைக்கு எடுத்த படமாயினும் சரி, பள்ளிக் குழுப்படத்திலிருந்து பெரிதாக்கியதாயினும் சரி, அந்தப் படம் ஒன்றே 'இப்படியொருவன் இருந்தான்' என்பதற்கு உறுதி. போரின் முடிவில், படையினர் கண்ணிற் பட்டால் கேடு என்றஞ்சி எத்தனையோ குடும்பத்தார் படங்களைத் தம் கையாலேயே எரித்தனர், மண்ணில் புதைத்தனர். அது துறவா?

வென்றவன் இதை நன்கறிந்திருக்கிறான். புதுக்குடியிருப்பில் சிங்களப் படை, வெற்றிச் சின்னத்தோடு ஒரு காட்சியகத்தையும் அமைத்து, கைப்பற்றிய படைக்கலங்களையும் கலங்களையும் வைத்து, தெற்கிலிருந்து வருவோர்க்குக் காட்டியது. அங்கே தமிழர் என்றால் துமுக்கியும் வெடியும் மட்டுமே. அதே மண்ணில் சோறாக்கிய பானையும், பிள்ளைக்குப் பால் கரைத்த குவளையும் எந்தக் காட்சியகத்திலும் இல்லை. தமிழரே எழுப்பிய நினைவுச் சின்னங்களின் நிலையோ உலகறிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூண் 2021 சனவரியில் ஓரிரவில் இடிக்கப்பட்டது; கிளர்ச்சிக்குப் பின் மீண்டும் எழுந்தது. தமிழ்நாட்டில் மட்டும் என்ன? தஞ்சை விளாரில் 2013 நவம்பரில் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தின் சுற்றுச்சுவரை அதே திங்களில் அரசே இடித்தது. பெரிய கல்லை இடிப்பது எளிது. ஆயிரம் வீட்டுப் பெட்டிகளில் பரவிக் கிடக்கும் சிறுபொருளை எந்தப் பொறியால் இடிப்பர்?

ஆனால் அப்பெட்டிகளுக்கும் ஓர் இடர் நெருங்கியுள்ளது. 1983-லும் 1990-லும் வந்த தலைமுறையினர் முதுமையடைந்துவிட்டனர். இங்குப் பிறந்த பிள்ளைகட்கு அந்தத் திறப்பு எந்த வீட்டினது என்று தெரியாது. 2021-இல் தமிழ்நாட்டரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது; 7,469 புதுவீடுகள் கட்டவும் திட்டம் அறிவித்தது. அகதி என்னும் வடசொல் போனது நன்று. ஏதிலி என்னும் தமிழ்ச்சொல் வந்திருந்தால் இன்னும் நன்று. முகாம் போகவே இல்லை. அது நிற்க. ஒழுகும் குடிசையில் நாற்பதாண்டு கிடந்தவர்க்குச் சுவர் வைத்த வீடு வருவதை எவரும் வரவேற்பர். ஆனால் குடிபெயரும் நாளே பழம்பெட்டியைக் குப்பையில் கொட்டும் நாளும் ஆகும் என்பது இல்லறத்தார் எவர்க்கும் தெரிந்ததே.

ஆகவே இப்பணி இப்போதே தொடங்க வேண்டியது. அரசு செய்யட்டும் என்று காத்திருப்பது வீண். ஒவ்வொரு குடியிருப்பின் அருகிலும் தமிழாசிரியர் உள்ளார். கல்லூரி மாணவர் உள்ளனர். இயக்கத் தோழர் உள்ளனர். ஒரு குறிப்பேடும் படக்கருவியும் போதும். பொருளை எடுத்துச் செல்லலாகாது; அது உரியவரிடமே இருக்க வேண்டும். பாரிசுப் பெட்டி வழக்கு கற்பிப்பது அதுவே. மேடையில் வைத்துக் கண்ணீர் வரவழைக்கவும், தலைவர் படத்துக்குக் கீழே பதாகையில் அச்சிடவும் அதைப் பயன்படுத்தலாகாது. அந்த இழிசெயலைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் போதுமான அளவு செய்துவிட்டன. ஈழத்தவர் முகத்தில் அதனால் எழும் சலிப்பைக் காண எவரும் தொலைவு போக வேண்டியதில்லை. தன் பெயர் வெளிவர விரும்பாதவரின் பெயர் வெளிவரலாகாது. அவர்கட்கு அங்கே உற்றார் உள்ளனர்; அச்சம் இன்னும் முடியவில்லை.

ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் நூல் இதற்கு ஒரு முன்காட்டு. இடம்பெயர்ந்த மக்களிடம் சென்று, இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவ்வரைவுகளைத் தொகுத்தார். நிலப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். அரசின் தோம்பில் இல்லாமற் போன வீடுகள் மக்களின் தோம்பில் ஏறின. இங்கும் அவ்வாறே கிணறு எப்பக்கம், முற்றத்து மாமரம் எப்பக்கம், வாயில் எத்திசை என்று கேட்டால், சொல்பவர் இன்னும் சொல்வார்.

தனித்தமிழ் அன்பர்க்கு இதில் சிறப்பான கடமையொன்று உண்டு. ஈழத்தமிழர் கைப்பொருளோடு அப்பொருளின் பெயரையும் காத்து வந்துள்ளனர். தமிழ்நாட்டான் போர்த்துக்கீசியரிடமிருந்து 'சாவி'யைப் பெற்றான். யாழ்ப்பாணத்தான் இன்றும் 'திறப்பு' என்கிறான். இங்கே 'பத்திரம்', அங்கே 'உறுதி'. நீர் பருகும் மூக்குப்பேணி, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, பனையோலைக் கடகம் ஆகியவற்றை இங்குப் பிறந்த பிள்ளை பார்த்ததும் இல்லை, பெயர் கேட்டதும் இல்லை. பள்ளியில் தமிழ்நாட்டு வழக்கைக் கற்று, வீட்டில் தாய் சொல்லும் சொல்லைக் கூச்சத்தால் ஒளிக்கிறது. பொருள் அழியுமுன் சொல் அழிகிறது. ஆகவே குறிப்பேட்டில் எழுதுவோர், தாம் அறிந்த சொல்லைக்கொண்டு பிறர் சொல்லைத் திருத்தலாகாது. உரியவர் பெயர், ஊர், அப்பொருள் எந்த ஆண்டு எவர் கையால் எவ்வழி வந்தது, அதை அவர் வாயால் என்னவென்று அழைத்தார் என்பவை வேண்டும். திறப்பின் படத்துக்குக் கீழே 'திறப்பு' என்றே எழுதுக. 'சாவி' என்று எழுதற்க.